ஒரு காலுக்குச் சிமெண்ட் இல்லாமல், மறு காலுக்குச் சிமெண்டோடு: ஏன் இந்த வேறுபாடு?

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடொன்றில் மகன் குடும்பத்தோடு வசிக்கும் 72 வயது அம்மையார் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற பாலர்பள்ளி ஆசிரியையான அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், மூட்டுத் தேய்மானத்துக்காக அவருடைய வலது இடுப்பு மூட்டு தனியார் மருத்துவமனை ஒன்றில் மாற்றப்பட்டது. செயற்கை மூட்டைத் தாங்கத் தொடை எலும்புக்குள் அப்போது வைக்கப்பட்டது சிமெண்ட் இல்லாத உலோகத் தண்டு. எலும்பே வளர்ந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், இதுதான் புதிய முறை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறு ஆண்டே குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது; பரிசோதித்ததில் எலும்பு மெலிவு தெரியவந்தது; அன்றிலிருந்து அதற்காக வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. இப்போது இடது இடுப்பும் தேய்ந்துவிட்டது. காப்புறுதிச் சந்தா ஏறிக்கொண்டே போனதால் தனியார் மருத்துவமனைக்கான திட்டத்தைக் கைவிட்டு, பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். அங்குள்ள அறுவை மருத்துவர் இடப்பக்கத்துக்குச் சிமெண்ட் வைத்த தண்டே பொருத்தம் என்கிறார். "அது பழைய காலத்து முறை, சலுகைக் கட்டண நோயாளி என்பதால் மலிவானதை வைக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார் மகன். "சிமெண்ட் இல்லாதது பத்து வருடம்தான் தாங்கும், உனக்கு ஆறு முடிந்துவிட்டது" என்கிறார் சென்னையிலிருக்கும் தங்கை. இதற்கிடையே, முதலாண்டில் வந்து மறைந்துபோன வலது தொடை வலி நான்கைந்து மாதங்களாகத் திரும்பியிருக்கிறது. அண்மையில் எடுத்த எக்ஸ்ரே அறிக்கையில், தண்டின் மேற்பகுதியைச் சுற்றி எலும்பின் அடர்த்தி குறைந்துள்ளதாகவும், தண்டு கீழே இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். வலப்பக்கம் கழன்றுவிட்டதா, இடப்பக்கத்துக்கு எதை வைத்துக்கொள்வது, அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி இடது இடுப்பைப் பற்றியது. ஆனால் அதைப் படித்து முடித்ததும் என் கவனம் வலது தொடையில்தான் நின்றது. இடப்பக்கம் அறுவை சிகிச்சை நடந்த பிறகு பல வாரங்களுக்கு உங்கள் உடல் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கப்போவது வலது கால். அங்கே புதிதாக ஒரு வலி இருக்கும்போது, அதன் காரணம் தெரியாமல் மறுபக்கத்தைத் திறப்பதை நான் விரும்ப மாட்டேன். எனவே சிமெண்டைப் பற்றிய வழக்கைத் தீர்ப்பதற்கு முன், அந்த வலிக்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும்.

முதலில் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு அறுவையில் நாங்கள் சிமெண்ட் என்று சொல்வதற்கும் கட்டடச் சிமெண்டுக்கும் உறவு இல்லை. அது பல் மருத்துவத்தில் பயன்பட்டுவந்த அக்ரிலிக் வகைப் பொருள். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வடிவம் கொடுத்தபோது, உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் நிலைநிறுத்த இதைத்தான் பயன்படுத்தினார். இது பசைபோல ஒட்டுவதில்லை. மாவுபோலக் குழைந்த நிலையில் எலும்பின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, ஏறக்குறைய பத்து நிமிடங்களில் இறுகி, எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பிவிடுகிறது.

சிமெண்ட் இல்லாத தண்டு வேறு வழியில் நிற்கிறது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட, பெரும்பாலும் டைட்டேனியக் கலவையால் ஆன தண்டை, அதற்கென்று செதுக்கிய எலும்புக் குழிக்குள் இறுக்கமாக அடித்து இறக்குவோம். பலவற்றின் மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற பூச்சு இருக்கும். எலும்பிலுள்ள தாதுவும் அதுவும் ஒரே இனம் என்பதால் எலும்பு அதை அந்நியமாகக் கருதாமல் பற்றி வளர்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தொடக்க வாரங்களில் தண்டு அசையக் கூடாது. தலைமுடி ஒன்றின் தடிமனுக்கும் குறைவான அசைவை எலும்பு பொறுத்துக்கொள்ளும். அதைவிட வெகுவாக மிஞ்சினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும், பிடிப்பு கிடைக்காது. ஆக, இந்த வகைத் தண்டின் தலைவிதி பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

பத்து ஆண்டுக் கெடு என்பது எங்கிருந்து வந்தது?

நடுத்தரக் கால விளைவு என்று மருத்துவ இதழ்கள் சொல்வது பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டு வரையிலான காலத்தை. நீங்கள் இப்போது அதன் நடுவில் இருக்கிறீர்கள். பத்து ஆண்டு என்ற எண் உங்கள் தங்கையின் காதுக்கு எப்படி எட்டியிருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பிரிட்டனில் மூட்டுக் கருவிகளை மதிப்பிடும் குழு, பத்து ஆண்டுத் தரவுகளை ஒரு முக்கிய அளவுகோலாக வைத்திருக்கிறது. பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மறு அறுவை தேவைப்படாத கருவிகளையே பயன்படுத்த வேண்டும் என்று அந்நாட்டின் வழிகாட்டுதல் 2014 முதல் கூறுகிறது. அது தேர்ச்சி பெறுவதற்கான எல்லைக்கோடே தவிர, கருவி காலாவதியாகும் நாள் அன்று. பால் பாக்கெட்டில் அச்சிட்ட தேதியைப் போல அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

நீண்டகாலம் பயன்பாட்டில் இருக்கும் சிமெண்ட் இல்லாத தண்டு வகைகளில், பத்தாம் ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை அதே இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. 2019இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, மூட்டு மாற்று அறுவைகளைப் பதிந்துவைக்கும் தேசியப் பதிவேடுகளின் அடிப்படையில், எல்லா வகை இடுப்பு மாற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று கணக்கிட்டது. அந்த 25 ஆண்டைக் கடந்தவை பழைய தலைமுறைக் கருவிகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேறொரு செய்தியும் இங்கே பொருந்தும். சிமெண்ட் இல்லாத தண்டுகள் பரவியதற்கே ஒரு தவறான குற்றச்சாட்டு காரணமாக இருந்தது. 1970களிலும் 80களிலும் சிலருக்குத் தண்டைச் சுற்றி எலும்பு அரித்துப்போனபோது பழியைச் சிமெண்டின் மேல் போட்டு, அதற்குச் சிமெண்ட் நோய் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் சிமெண்டே இல்லாத மூட்டுகளிலும் அதே அரிப்பு. இடுப்பெலும்பில் பொருத்தும் கிண்ணத்தின் பிளாஸ்டிக் உள்ளுறை தேய்ந்து உதிர்க்கும் நுண்துகள்களே முதன்மைக் குற்றவாளி என்பது தெளிவாயிற்று. 1990களின் இறுதியிலிருந்து வந்த, கதிர்வீச்சால் வலுவூட்டிய பாலித்தீன் உள்ளுறை அந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. இன்று ஐந்து, பத்து ஆண்டுகளில் மறு அறுவைக்கு வருபவர்களைப் பார்த்தால் தொற்று, மூட்டு நழுவுதல், விழுந்து எலும்பு முறிதல் ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன. நன்றாகப் பிடித்துக்கொண்ட தண்டு தானாகக் கழன்று வருவது குறைவு.

ஆனால் பதிவேடுகளின் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு மூட்டு எவ்வளவு காலம் நிலைக்கிறது என்ற அவற்றின் கணக்கு எண்ணுவது மறு அறுவையை மட்டுமே. வலியோடு காலம் தள்ளுபவர் அந்தக் கணக்கில் வெற்றியாகவே பதிவாகிறார். உங்கள் தொடை வலி அதில் ஏறாது. அதை உங்கள் மருத்துவர்தான் கேட்டறிய வேண்டும்.

எக்ஸ்ரே அறிக்கையின் அந்த ஒரு வரி

தண்டின் மேற்பகுதியில் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்பதைப் படித்துவிட்டு இரண்டு இரவுகள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது பாரம் இடம் மாறுவதன் விளைவு. உலோகத் தண்டு எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. மேலிருந்து வரும் பாரத்தை அது வாங்கித் தன் கீழ்ப்பகுதியில் இறக்கிவைப்பதால், மேற்பகுதி எலும்புக்கு வேலை குறைகிறது. வேலையில்லாத எலும்பு மெலிகிறது. சிமெண்ட் இல்லாத தண்டுகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் ஏற்பட்டு, பிறகு ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். தண்டு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பாரம் அதன் வழியாகப் போகிறது என்றும் இதைப் படிக்கலாம். இது மட்டும் இருந்தால் தண்டு கழன்றுவிட்டது என்று பொருளில்லை.

கழன்ற தண்டின் அடையாளங்கள் வேறு. தண்டைச் சுற்றி முழுவதும் ஒரு கறுப்புக் கோடு தெரியும், அல்லது அடுத்தடுத்த படங்களில் தண்டு கீழே இறங்கிக்கொண்டே போகும். உங்கள் அறிக்கை தண்டு இறங்கவில்லை என்கிறது. இதை உறுதிப்படுத்த ஒரே ஒரு படம் போதாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எடுத்ததிலிருந்து வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும். பழைய மருத்துவமனையில் மருத்துவப் பதிவுகள் பிரிவுக்கு விண்ணப்பித்து, எக்ஸ்ரே படங்களையும், அறுவைக் குறிப்பையும், எந்த நிறுவனத்தின் எந்த அளவுக் கருவி என்ற ஸ்டிக்கர் ஒட்டிய தாளின் நகலையும் வாங்கிவிடுங்கள். கட்டணம் இருக்கும், சில வாரங்களும் ஆகலாம். இன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

வலது தொடை வலி: கடிதத்தில் நீங்கள் கடந்துபோன செய்தி

நாற்காலியிலிருந்து எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது சுருக்கென்று வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், தண்டு தளர்ந்திருக்கலாம் என்று சந்தேகிப்போம். நெடுநேரம் நடந்த பிறகு தொடை நடுவில் மந்தமாக வலித்தால், அது விறைப்பான தண்டின் நுனியில் எலும்பு படும் சிரமமாக இருக்கலாம். முதலாண்டில் உங்களுக்கு வந்து மறைந்தது இதுவாகவே இருந்திருக்கும். இடது கால் நொண்டுவதால் வலது காலுக்குச் சுமை கூடியிருப்பதும் ஒரு காரணமாகலாம். முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டாலும் தொடை வலிக்கலாம். அந்த வயதுதான் உங்களுக்கு. சர்க்கரை நோய் இருப்பதால், மெதுவாக ஊறும் தொற்று இல்லை என்பதை இரத்தத்தின் அழற்சிக் குறியீடுகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவையெல்லாம் உங்கள் மருத்துவர் வழக்கமாக யோசிப்பவை. நான் நின்று படித்தது வேறு வரி. ஐந்து ஆண்டுகளாக வாரம் ஒரு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரைக் குறிப்பிடவில்லை என்றாலும், அது அலென்ட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த மாத்திரைகள் எலும்பு மெலிவுக்கு அருமையான மருந்துகள். அவை தடுக்கும் முறிவுகள் ஏராளம். ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடும் சிலருக்கு, மிக அரிதாக, தொடை எலும்பின் நடுப்பகுதியில் வெளிப்புறமாக ஒரு நுண்விரிசல் தோன்றி, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மந்தமான தொடை வலியைத் தந்துவிட்டு, பிறகு சாதாரணமாக நடக்கும்போதே முறிந்துவிடுவது உண்டு. மருந்து சாப்பிடும் காலம் கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. ஆசிய வம்சாவளிப் பெண்களிடம் இது அதிகம் என்பதை 2020இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றும் காட்டியது. எண்ணிக்கை சிறிதுதான், என்றாலும் ஐந்தாண்டு மாத்திரை, புதிய தொடை வலி, ஆசியப் பெண் என்ற மூன்றும் ஒரே கடிதத்தில் வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

இடுப்புக்கு எடுக்கும் வழக்கமான எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் மேற்பகுதி மட்டுமே விழும். விரிசல் அதற்குக் கீழே இருந்தால் படத்துக்கு வெளியே போய்விடும். எனவே இரண்டு தொடை எலும்புகளையும் இடுப்பு முதல் முழங்கால் வரை முழுமையாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை விவரத்தை எலும்பு மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அது பலதுறை மருந்தகத்தின் மருந்துப் பட்டியலில் எங்கோ ஒரு வரியாக இருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஆனால் இந்தப் படங்களை எடுக்க அடுத்த சந்திப்பு வரை மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் சொல்லி முன்கூட்டியே பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதுவரை ஊன்றுகோல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வலி திடீரென்று கூடினாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இடப்பக்கத்துக்கு எது?

இங்கே நான் உங்கள் மகனோடு மரியாதையுடன் மாறுபடுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் மருத்துவர் எடுத்த முடிவும் சரியாக இருக்கலாம், இன்று வேறொரு மருத்துவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வதும் சரியாக இருக்கலாம். இடையில் மாறியது உங்கள் எலும்பு. குறைந்தபட்சம், அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது.

சிமெண்ட் இல்லாத தண்டை இறுக்கமாக அடித்து இறக்க வேண்டும் என்றேன் அல்லவா? அறுவைக் கூடத்தில் எலும்பைச் செதுக்கும் கருவியைச் சுத்தியலால் தட்டும்போது, அது சரியாக இறுகும் கட்டத்தில் ஓசையின் சுருதி மாறும். எங்களில் பலர் காதைத் தீட்டி அந்த மாற்றத்துக்காகக் காத்திருப்போம். திடமான எலும்பில் அந்த ஓசை தெளிவாகக் கேட்கும். மெலிந்த எலும்பில் ஓசை மாறுவதற்குள் விரிசல் விழுந்துவிடக்கூடும். அன்று விழாவிட்டாலும், அடுத்த சில வாரங்களில் லேசாகக் கால் இடறினாலே முறியக்கூடும். ஸ்காண்டிநேவிய நாடுகளின் பதிவேடுகளும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் பதிவேடுகளும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன: முதுமையில், அதிலும் பெண்களுக்கு, சிமெண்ட் இல்லாத தண்டைச் சுற்றி முதல் சில மாதங்களில் எலும்பு முறியும் வாய்ப்பு சிமெண்ட் வைத்த தண்டைவிடப் பல மடங்கு அதிகம். மொத்த எண்ணிக்கை குறைவுதான்; ஆனால் அந்த முறிவு நேர்ந்தால் அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினமானது. எழுபத்தைந்தை நெருங்கும், எலும்பு மெலிவு உறுதியான, ஒருமுறை மணிக்கட்டு முறிந்த ஒருவருக்குச் சிமெண்ட் வைத்த தண்டைத் தேர்ந்தெடுப்பது பழமை அன்று. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சிமெண்டுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அதை எலும்புக்குள் அழுத்தும்போது சிலருக்கு இரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் சட்டென்று இறங்கலாம். கடுமையான இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கே இந்த அச்சம் அதிகம். உங்களுக்கு இரத்தக் கொதிப்பு மட்டும், அதுவும் கட்டுக்குள், என்கிறீர்கள். மயக்க மருந்து மருத்துவரிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) எட்டு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அறுவையைத் தள்ளிவைக்கவே பலரும் விரும்புவார்கள். தொற்றைத் தவிர்ப்பதில் சிமெண்டா இல்லையா என்பதைவிட அந்த எண்ணுக்கு முக்கியத்துவம் அதிகம்.

சிமெண்ட் எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்வியும் உங்களுக்கு எழலாம். 2017இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வின்படி, எழுபது வயதுக்கு மேல் இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்பவர்களில் எஞ்சிய வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுவோர் ஏறக்குறைய நூற்றுக்கு ஐவர். ஒரு காலில் ஒரு வகையும் மறு காலில் வேறு வகையும் இருந்தால் நடையில் வேறுபாடு தெரியாது.

பணத்தைப் பற்றிய சந்தேகம்

சிமெண்ட் வைக்கும் தண்டு பொதுவாக விலை குறைந்ததுதான். அதில் மகன் சொல்வது தவறில்லை. ஆனால் அதனால்தான் பரிந்துரைத்தார்கள் என்ற முடிவுக்கு உங்கள் எலும்பு அடர்த்தி அறிக்கை இடம் கொடுக்கவில்லை. சலுகைக் கட்டணப் பிரிவில் குறிப்பிட்ட மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது உண்மை. ஏன் இந்தத் தண்டு, அதன் பெயர் என்ன, பத்தாண்டுப் பதிவு எப்படி என்று கேட்பதற்கும், இரண்டாவது கருத்தை நாடுவதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த நல்ல மருத்துவரும் இதனால் முகம் சுளிக்க மாட்டார். அடுத்த சந்திப்புக்கு மகனையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக் கூடத்தில் நடக்கும் விவாதம் அங்கே பத்து நிமிடத்தில் முடியும்.

அறுவைக்கு முன் மருத்துவமனையின் நிதி ஆலோசகர் உத்தேசச் செலவைத் தருவார். மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி போக எவ்வளவு கைப்பணம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போதவில்லை என்றால் மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்கலாம். குளியலறையில் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருக்கிறீர்கள். வீவகவின் 'ஈஸ்' திட்டத்தில் கைப்பிடிக் கம்பிகளும் வழுக்காத தரைப்பூச்சும் சலுகை விலையில் கிடைக்கும். அவற்றை அறுவைக்கு முன்பே பொருத்திவிடுங்கள்.

பால்குடம்

வலது மூட்டோடு ஐந்து தைப்பூசங்களுக்குப் பால்குடம் எடுத்திருக்கிறீர்கள் என்பதால், மூட்டு மாற்று அதற்குத் தடையில்லை என்பது உங்களுக்கே தெரியும். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை, இடையில் நெடுநேரம் நிற்பதும் உண்டு. இடப்பக்க அறுவை முடிந்து குறைந்தது மூன்று மாதங்கள், இயன்றால் ஆறு மாதங்கள் கடந்திருக்க வேண்டும். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் உங்கள் நடையைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். வலது தொடையின் படங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். இவற்றில் எது தள்ளிப்போனாலும் அந்த ஆண்டு மகன் எடுக்கட்டும், நீங்கள் டாங்க் ரோட்டில் காத்திருங்கள். கோயிலில் தரையில் அமர்வதற்கு அறுவை செய்தவரின் அனுமதியைக் கேளுங்கள். மூட்டை முன்புறமாகத் திறந்தாரா, பின்புறமாகவா என்பதைப் பொறுத்து அவருடைய பதில் மாறும். நீங்கள் கேட்காத ஒன்று: சர்க்கரை உள்ள பாதங்களோடு வெயிலேறிய சாலையில் வெறுங்காலில் நடக்கிறீர்கள். விடியற்காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வீடு திரும்பியதும் இரண்டு உள்ளங்கால்களையும் மகனையோ மருமகளையோ பார்க்கச் சொல்லுங்கள்.